கவுரே இறங்கிக் கொடுத்த இடம்

நொனோட்டி தீவு, மார்ச் 9

அன்பு மகன் பரனிகோவுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் தங்கச்சியும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம், உன் கப்பல் எந்தக் கடலில் மிதந்தாலும் நீ சுகமாக இருக்க வேண்டும் என்று தினமும் ஜெபத்தில் சொல்கிறோம். முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், தெரேசியா பிழைத்துக்கொண்டாள், உனக்கு மகள் பிறந்திருக்கிறாள். சந்தோஷப்பட்டுக்கொள். மீதியை உட்கார்ந்து படி.

நம் அரசாங்க விமானத்தின் லட்சணம் உனக்குத் தெரியாததா. இருந்த மூன்றில் ஒன்று உதிரிப்பாகம் வரவில்லை என்று ஆறு மாதமாகத் தராவாவில் கிடக்கிறது, இன்னொன்றைக் கழற்றிக் கழற்றி மூன்றாவதற்கு மாட்டிவிட்டார்கள், அந்த ஒன்றுதான் அத்தனை தீவுக்கும் பறக்க வேண்டும். மந்திரி எங்காவது ஊர்க்கூடம் திறக்கக் கிளம்பிவிட்டால் அதுவும் இல்லை. பத்தொன்பது வருஷமாக இந்த ஓடுதளத்துக்கு நான் பொறுப்பு, ஆளையும் மூட்டையையும் தராசில் ஏற்றி எழுதுகிறேன், பன்றியை விரட்டுகிறேன், விமானம் வராததற்கு ஊரிடம் திட்டு வாங்குவதும் நானே. மூன்று வாரமாகத் தினமும் காலையில் ரேடியோவில் கேட்பேன், நாளைக்கு என்பார்கள். ஒருநாள் பொறுக்காமல், உங்க நாளைக்கு என்னிக்குடா வரும் என்று கத்திவிட்டேன், எல்லாத் தீவும் கேட்டது, உன் அம்மா வெட்கத்தில் இரண்டு நாள் வெளியே தலைகாட்டவில்லை.

நான் கத்தியதற்குக் காரணம் தெரேசியா. எட்டாம் மாதம் பிறந்ததும் கால் வீங்கியது, பிறகு முகம், தலை பிளக்கிறது என்றாள், கண்ணில் பூச்சி பறக்கிறது என்றாள். நர்ஸ் ரோசியா என்னைத் தனியே கூப்பிட்டு, இங்கயே வச்சிருந்தா தாயும் இல்ல பிள்ளையும் இல்ல, அடுத்த விமானத்துல ஏத்திடுங்க என்றாள். மேல்காற்று மாதம், படகை நினைக்கவே முடியாது. செவ்வாய்க்கிழமை நிச்சயம், எட்டு இடம் என்று ரேடியோ சொன்னது. மற்ற நோயாளிகளுக்கும் துணைக்கும் நான்கு, ஐந்தாவதாகத் தெரேசியா என்று எழுதி வைத்தேன். திங்களன்று என் சித்தப்பா மகன் கவுரே வந்து நின்றான். என் சித்தி, அதாவது அவன் அம்மா, தராவா ஆஸ்பத்திரியில் இழுத்துக்கொண்டு கிடந்தாள், எட்டுன்னு சொல்லுவாங்க அஞ்சோட போயிடுவாங்க அண்ணே, அஞ்சுக்குள்ள ஒரு இடம் புபுசி என்று கேட்டான். உறவில் ஒருவன் புபுசி என்று கேட்டுவிட்டால் நம்மில் எவன் இல்லை என்றிருக்கிறான்? ஆறாவது என்றாலும் ஏறத்தானே போகிறாள் என்று தெரேசியாவை ஒரு வரி கீழே இறக்கினேன். பத்தொன்பது வருஷம் அந்த விமானத்தைப் பார்த்தவன் செய்கிற காரியமா இது.

செவ்வாயன்று வந்தது. விமானி இறங்கி ஓடுதளத்தைக் காலால் அழுத்திப் பார்த்தான், முதல்நாள் மழையில் சதசதவென்று கிடந்தது. ஐந்து பேர், அதற்கு மேல் ஒரு தேங்காய்கூட ஏற்ற மாட்டேன் என்றான். கெஞ்சிப் பார்த்தேன், அசையவில்லை. அடுத்தது எப்போது என்று கேட்டால் வானத்தைப் பார்க்கிறான். கவுரே தராசில் நின்றிருந்தான், கையில் அவன் அம்மாவுக்குப் பின்னிய தாழம்பாய். தெரேசியா நிழலில் படுத்திருந்தாள், உன் அம்மா விசிறிக்கொண்டிருந்தாள். கொடுத்ததைப் பிடுங்க எனக்கு வழியில்லை, ஆனால் நானும் கேட்கலாம் அல்லவா. சாகக் கிடக்கிற தாயைப் பார்க்கப் போகிறவனிடம், ஊரே பார்க்க, கவுரே, புபுசி, உன் இடத்தைக் கேக்கறேன் என்றேன். அவன் தராசிலிருந்து இறங்கிப் போய்ப் பாயைத் தெரேசியா கையில் கொடுத்து, அம்மாகிட்ட குடுத்துடும்மா என்றான்.

வியாழனன்று ரேடியோவில் இரண்டு சேதியும் ஒன்றாக வந்தன. வயிற்றைக் கீறிப் பிள்ளையை எடுத்திருக்கிறார்கள், எடை குறைவு, ஆனாலும் இருவரும் நலம். சித்தி போய்விட்டாள். விமானம் அதற்குப் பிறகு வரவேயில்லை, டயர் இல்லையாம், மகன் இல்லாமலே புதைத்தார்கள்.

நேற்று மாலை கவுரே நம் வீட்டுக்கு வந்தான். பதநீர் கொடுத்தேன், தொடவில்லை. அவனுக்கும் மரேட்டாவுக்கும் பதினாறு வருஷமாகப் பிள்ளை இல்லாதது உனக்குத் தெரியும். தலையைக் குனிந்துகொண்டே, "அண்ணே, புபுசி. அந்தப் பிள்ளைய எனக்குக் குடுங்க. எங்கம்மா பேர வச்சு வளக்கறேன்" என்றான். உன் அம்மா எழுந்து வெளியே போய்விட்டாள். நான் சரி என்றேன்.

உன்னைக் கேட்கவில்லை, தெரேசியாவைக் கேட்கவில்லை. பால் மறந்த பிறகுதான் என்று அவனே சொன்னான், நாலு வீடு தள்ளித்தானே வளரப் போகிறாள் என்று உன் அம்மாவிடம் சொன்னேன், அவள் என்னோடு பேசுவதை விட்டுவிட்டாள். திட்டு மகனே, எனக்கு வேண்டும். ஆனால் அந்த இடத்தில் நீ நின்றிருந்தால் என்ன சொல்லியிருப்பாய் என்பதையும் எழுது. நேரத்துக்கு ஒரு விமானம் வந்திருந்தால் அவன் தன் தாயைப் பார்த்திருப்பான், நாங்கள் யாரும் யாரிடமும் எதையும் கேட்டிருக்க மாட்டோம்.

இதைக் கொப்பரைக் கப்பலில் அனுப்புகிறேன். குளிரில் காதை மூடிக்கொள், நெஞ்சுச்சளியை அலட்சியம் செய்யாதே. கடவுள் உன்னையும் உன் வீட்டையும் காக்கட்டும். ஒன்றை மறக்காதே, தெரேசியாவுக்கு நீ எழுத வேண்டாம். அவள் திரும்பி வரும்போது பிள்ளையைக் கையில் வைத்துக்கொண்டு இறங்குவாள், அப்போது நானே சொல்கிறேன்.

உன் மகளைப் பார்க்கும் முன்பே கொடுத்துவிட்ட
அப்பா, தெகாய்