ஆறு அடுப்படி, ஒரே இழுப்பு

ஜூலை 8, திங்கள்

காலையிலிருந்து காத்து. ஆபீஸ் ஜன்னலுக்குச் செங்கல் முட்டுக் கொடுத்தும் படபடன்னு அடிக்குது. போடிமெட்டுப் பக்கம் மலையே தெரியல. மேல மழை, கீழ தூசி.

லயம் பிளான்ல திருத்தம். போடிமெட்டு தாண்டி ஒரு ஏலத் தோட்டம், வேலையாட்களுக்கு ஒரே வரிசையா ஆறு வீடு. அடுப்படி பத்தாது, ரெண்டடி பின்னால தள்ளுங்கன்னு முதலாளி போன். கம்ப்யூட்டர்ல ஒவ்வொரு வீடாக் கோட்டை இழுத்துக்கிட்டிருந்தேன். இன்ஜினியர் சார் பின்னால வந்து நின்னாரு. ஆறையும் ஒண்ணாப் புடிச்சு இழுக்க வேண்டியதுதானே, இப்படிப் பண்ணா பொழுது போயிரும்னாரு. அஞ்சு வருஷம் வீட்ல இருந்துட்டு வேலைக்குத் திரும்பி மூணு மாசம்தான் ஆகுது. அந்த ஒரு வார்த்தை போதும் எனக்கு, அவசரப்பட.

இழுத்தேன். ஆறும் ஒரே இழுப்புல போயிருச்சு. பிரிண்ட், சார் கையெழுத்து, மூணு மணி ஜீப்புல தோட்டத்துக்கு.

பாப்பாவுக்கு சாக்ஸ். கேஸ் புக் பண்ணணும்.

ஜூலை 10, புதன்

சாரல். சார் நேத்துலருந்து மதுரையில, அவங்க அண்ணனுக்கு ஆபரேஷன்.

மலைச் சரிவைப் பக்கவாட்டுல வெட்டிக் காட்டுற படம் போட உக்காந்தேன். அளவு இடிக்குது. சார் நேர்ல அளந்து எழுதின நோட்டுல பத்தடி. பிளான்ல எட்டடி.

திரும்ப அளந்து பார்த்தேன், எட்டடிதான்.

புது வீடுகளுக்குப் பின்னால மலையை வெட்டி மண்ணைத் தாங்க ஒரு சுவர். அதுக்கு மேல பழைய லயம், நாலு குடும்பம் இன்னும் குடியிருக்கு. பழைய லயத்துக்குப் பத்தடிக்குள்ள வெட்டக் கூடாது, மண்ணு இளகல்னு சார் ரெண்டு தடவை சொன்னாரு. நான்தான் வரைஞ்சேன், எனக்குத் தெரியும்.

என்ன நடந்துச்சுன்னு இப்பப் புரியுது. மவுஸை வலமிருந்து இடமா இழுத்து கட்டம் போட்டா, தொட்டதையெல்லாம் புடிச்சுக்கும். ஆறு அடுப்படியோட அந்தச் சுவரையும் புடிச்சிருக்கு. எல்லாம் சேர்ந்து ரெண்டடி மலைக்குள்ள போயிருச்சு. வீட்டுக்கும் சுவருக்கும் நடுவுல நாலடி அப்படியே இருக்கு, அதனால பார்த்தா ஒரு குறையும் தெரியல. பத்துங்கிற எண்ணு தானாவே எட்டுன்னு மாறிக்கிச்சு. சாரும் கவனிக்கல.

சாருக்கு அஞ்சு தடவை போன். எடுக்கல.

சுவரைப் பழைய இடத்துக்கு நகட்டி, புது பிரிண்ட் எடுத்து, நாலு மணி ஜீப்புல குடுத்துவிட்டேன். மேஸ்திரி கருப்பசாமி அண்ணன்கிட்டக் குடுங்கன்னு மட்டும் சொன்னேன். ஏன் புது பிரிண்ட்னு ஒரு சீட்டாவது எழுதி வச்சிருக்கலாம். வைக்கல. தப்புன்னு எழுதணுமே.

ஜூலை 11, வியாழன்

தூக்கம் இல்ல. வீட்டுக்காரர்கிட்டச் சொன்னேன். ஏலக்கா கடைக்குக் கிளம்பிக்கிட்டே, சார்கிட்டச் சொல்லிருன்னாரு. அதான் சரி பண்ணிட்டேன்லன்னு எரிஞ்சு விழுந்தேன்.

மேஸ்திரிக்கு டவர் இல்ல. ஜீப்பு டிரைவர் குடுத்துட்டேங்கிறாரு. சோறு இறங்கல. மெட்டுப் பக்கம் கருகருன்னு இருக்கு.

ஜூலை 12, வெள்ளி

காலை பத்தரை. டவர் கிடைக்கிற இடத்துக்கு வந்து மேஸ்திரி கூப்பிட்டாரு. ஜேசிபி வெட்டி முடிச்சிருச்சாம், சுவர் வேலைக்குக் கல்லு லோடு எப்ப வரும்னு கேட்டாரு. எந்தப் பிரிண்ட்ட வச்சு வெட்டுனீங்கன்னேன்.

"ரெண்டும் ஒண்ணு போலத்தானம்மா இருந்துச்சு. சார் கையெழுத்து இருந்ததை வச்சு வெட்டியாச்சு."

புதுசுல கையெழுத்து இல்ல. எப்படி இருக்கும்?

சாருக்குப் போன். இந்தத் தடவை எடுத்தாரு. எல்லாத்தையும் ஒரே மூச்சுல சொன்னேன், மறைச்சு அனுப்புனதையும். பின்னால ஆஸ்பத்திரியில யார் பேரையோ கூப்பிடுற சத்தம். அப்புறம் கேட்டாரு:

"மேல எத்தனை பேர் இருக்காங்க?"

பதினாலு பேரு, சார்.

அவங்களை இன்னைக்கே இறக்கணும், நான் வந்து சேர ராத்திரி ஆயிரும், நீங்க போங்கன்னாரு. முதலாளிகிட்ட அவரே பேசுறதா சொன்னாரு. திட்டல. திட்டியிருந்தா தேவலை.

ஜீப்புல ஒவ்வொரு வளைவுக்கும் மழை கூடுது. போய்ப் பார்த்தா சிவப்பா, செங்குத்தா வெட்டி வச்சிருக்கு. மேல பழைய லயத்துச் சுவர் ஓரமா நிக்குது. சாரமில்ல, ஒரு வாரம் தாங்கும்னாரு மேஸ்திரி. மலையில இருந்து இருந்து அவருக்குப் பரவாயில்லங்கிறதுகூட மலையாளத்துலதான் வாயில வருது. தாங்காதுண்ணேன்னேன். என் குரல் எனக்கே வேற மாதிரி கேட்டுச்சு.

கடைசி வீட்டுப் பேச்சியம்மா வரமாட்டேன்னாங்க. ராசிங்காபுரத்துக்காரங்க, இருபது வருஷமா இங்க. உலை வச்சிருக்கேன், இந்த மழையெல்லாம் எத்தனையோ பார்த்தாச்சுன்னாங்க. மழை பலமா வருதாம்க்கான்னு மட்டும் சொன்னேன். உலைப் பானையை நானே துணி சுத்தித் தூக்கிக்கிட்டு நடந்தேன். அப்புறம்தான் பின்னால வந்தாங்க.

எல்லாரும் ஏலக்கா காய வைக்கிற ஸ்டோர்ல. எண்ணிப் பார்த்தேன். பதினாலு. திரும்ப எண்ணினேன்.

ஜூலை 13, சனி

விடிஞ்சதும் மேஸ்திரி போன். மண்ணு இறங்கிருச்சு. கடைசி வீட்டுல பாதி கீழ. யாரும் இல்ல உள்ள.

யாரும் இல்ல. யாரும் இல்ல.

பாத்ரூம்ல உக்காந்து அழுதேன். பாப்பா கதவைத் தட்டிக்கிட்டே இருந்தா.

ஜூலை 14, ஞாயிறு

சார் கூப்பிட்டாரு, அவரோட மேல போனேன். மழை விட்டு வெயில், கண்ணு கூசுது. முதலாளி வந்திருந்தாரு. இந்த மழைக்கு எது நிக்கும்னு அவரே சொல்லிக்கிட்டாரு. சார் ஒண்ணும் சொல்லல. மழைங்கிறதோட பேச்சு முடிஞ்சிரும் போல இருந்துச்சு. நிம்மதியாத்தான் இருந்துச்சு, இங்கயாவது பொய் எழுத வேண்டாம்.

பேச்சியம்மா பாதி வீட்டுக்குள்ள நின்னு சாமானை எடுத்துக்கிட்டிருந்தாங்க. அடுப்பு இருந்த இடத்துல வெளிச்சம். என்னைப் பார்த்ததும் நிமிர்ந்தாங்க.

"ஏம்மா, மழைக்குத்தான் விழுந்துச்சா? நீ அப்படிப் பதறிக்கிட்டு வந்தியே."

சார் பக்கம் பார்க்கல நான்.

"இல்லக்கா. படம் வரைஞ்சது நான்தான். ரெண்டடி தப்பா வரைஞ்சுட்டேன். அதான் வெட்டு உங்க வீட்டுகிட்ட வந்துருச்சு."

ரொம்ப நேரம் பார்த்தாங்க. திட்டுவாங்கன்னு நின்னேன். குனிஞ்சு தகரப் பெட்டியோட ஒரு பக்கத்தைப் புடிச்சாங்க.

"அந்தப் பக்கம் புடி."

ஸ்டோர் வரைக்கும் தூக்கிட்டுப் போனோம். நாலு நடை.

இறங்கும்போது ஜீப்புல, நாளைக்கு வேலைக்கு வரணுமான்னு சார்கிட்ட நான் கேக்கல. சேலை முழுக்கச் செம்மண். ஊற வச்சிருக்கேன்.