வீட்டுக்காரர் வேண்டாமாம்

அன்புக்குரிய, இப்போதைக்குக் கோபத்துக்கும் உரிய என் மனைவிக்கு,

இங்கே நானும் மகளும் நலம். நீ நலமா என்று கேட்கப்போவதில்லை. புத்தக விழா மேடையில் நீ சிரித்த சிரிப்பை வீடியோவில் பார்த்துவிட்டேன். அதற்கு மேல் ஒருத்தி நலமாக இருக்க முடியாது.

போனில் பேசாமல் எதற்குக் கடிதம் என்று யோசிப்பாய். போனில் ஆரம்பித்தால் நீ சிரிப்பாய், எனக்கும் சிரிப்பு வந்துவிடும், வந்த கோபம் வீணாகப் போய்விடும். இந்தத் தடவை அதை வீணாக்க எனக்கு மனசில்லை. உன் பதிப்பாளர் நாளைக்கு அங்கே கிளம்புகிறார், அவரிடம் கொடுத்தனுப்புகிறேன். வெள்ளிக்கிழமை உன் நாவலைப் படமாக்கும் ஒப்பந்தத்தில் நீ கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் படித்துவிடு.

குளியலறைக் குழாய் மறுபடி ஒழுகுகிறது. பிளம்பர் தினமும் “இதோ வந்துட்டேன் சார்” என்கிறார். உன் நாவல்களில் வரும் இன்ஸ்பெக்டர் அம்மாவை விட்டால்தான் அந்த ஆளைப் பிடிக்க முடியும். மகள் பரீட்சை நன்றாக எழுதியிருக்கிறாளாம். அவள் சொல்கிறாள், நம்பிக்கொண்டிருக்கிறேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

நேற்றுக் கடையில் ஒரு பெரியவருக்குக் கண்ணாடி மாட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். உள்ளே லென்ஸ் தேய்க்கிறவர் போனைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்து, “சார், உங்க வீட்டம்மா டைரக்டரைக் கொல்றாங்க, வந்து பாருங்க” என்றார். பெரியவரும் பாதி மாட்டிய கண்ணாடியோடு எட்டிப் பார்த்தார். பிணம் விழுவதை எப்படி இவ்வளவு சரியாக எழுதுகிறீர்கள் என்று கூட்டத்தில் யாரோ கேட்டார்களாம். யாரும் கூப்பிடாமலே, உன் படத்தை எடுக்கப்போகிற அந்த இயக்குநர் மேடையில் தொப்பென்று படுத்தார். நீ மண்டியிட்டு உட்கார்ந்து, அவர் தலையை ஒரு பக்கமாகத் திருப்பி, இடது கையை மடித்து மார்புக்கு அடியில் வைத்தாய். ஒரே கைதட்டல்.

அந்தக் கையை நீ மடிக்கிற விதம் எனக்குத் தெரியாதா? அது என் கையம்மா!

விஷம் குடித்ததும் நான், மாடிப்படியில் உருண்டதும் நான், முதுகில் கத்தி வாங்கியதும் நான். ஃபிரிட்ஜுக்கும் அடுப்பு மேடைக்கும் நடுவில், அந்தச் சில்லிட்ட தரையில் நான் சாகாத நாவல் உனக்கு உண்டா? கொண்டையில் பென்சிலைச் செருகிக்கொண்டு, “மூச்சு விடாதீங்க, பிணம் மூச்சு விடாது” என்று அதட்டுவாய். நம் மகள் சின்ன வயதில் என்னைத் தாண்டிப் போய்த்தான் தண்ணீர் குடிப்பாள். அப்பா செத்துக் கிடப்பது அவளுக்கு அவ்வளவு பழக்கம். அந்த மனிதரின் வயிறு மேடையில் ஏறி இறங்கியதைப் பார்த்தாயா? அப்படி ஒரு பிணமாக நான் கிடந்திருந்தால் விட்டிருப்பாயா? அவரிடம் மட்டும் சிரித்தாயே!

அதோடு முடிந்திருந்தால்கூட ஒரு டீயைக் குடித்துவிட்டு ஆறியிருப்பேன். அடுத்து வந்ததைத்தான் தாங்க முடியவில்லை. இன்ஸ்பெக்டர் அம்மாவின் வீட்டுக்காரராக யார் நடிக்கப்போகிறார் என்று ஒரு பெண் கேட்டாள். எழுந்து சட்டையைத் தட்டிக்கொண்டே அந்த ஆள், “படத்துல அவங்களுக்குக் கல்யாணமே ஆகலைங்க. வீட்டுக்காரர்னு ஒருத்தர் வந்தா கதை ஸ்லோவாயிடும்” என்றார். நீ தலையாட்டினாய். திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தேன், ஒவ்வொரு தடவையும் தலையாட்டுகிறாய்.

“செத்தவன் செருப்பு எங்கே?” என்று உன் முதல் நாவலில் அந்த வீட்டுக்காரர் கேட்டதால்தானே இன்ஸ்பெக்டருக்கு வழி தெரிந்தது? அதைக் கேட்டது யார்? தரையில் கிடந்தபடி, கால் குளிருகிறதே என்று செருப்பைத் தேடிய நான்தானே? அது கதையை ஸ்லோவாக்கியதா?

மகள் என்னைப் பார்த்து, “அப்பா, உங்களுக்குப் பொறாமை” என்றாள். ஆமாம், பொறாமைதான். போன வருஷ விழாவில் உன் பையைத் தூக்கிக்கொண்டு கையெழுத்து வரிசைக்குப் பின்னால் நின்றேன். காவலாளி என்னை ஓரமாகப் போகச் சொன்னார். அப்போதுகூட எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. கதைக்குள் எனக்கு ஓர் இடம் இருக்கிறதே என்று தெம்பாக இருந்தேன்.

நீ கையெழுத்துப் போடாதே என்று சொல்ல மாட்டேன். இதற்கு முன்னால் வந்த தயாரிப்பாளர்கள் எல்லாம் நம் வீட்டுக் காபியைக் குடித்துவிட்டு, “அடுத்த மாசமே ஆரம்பிச்சிடலாம்” என்று சொல்லிவிட்டுக் காணாமல் போனார்கள். நீ போனையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததும், நான் ஏதாவது உளறி உன்னைச் சிரிக்கவைத்ததும் மறக்குமா? இந்தப் படம் வர வேண்டும் என்று உன்னைவிட நான்தான் அதிகம் ஆசைப்படுகிறேன். முதல் காட்சிக்குப் போட ஒரு சட்டைகூட வாங்கி வைத்திருக்கிறேன், உன்னிடம் சொல்லவில்லை.

ஒன்றே ஒன்று மட்டும் அந்த இயக்குநரிடம் கேள். வீட்டுக்காரர் வசனம் பேச வேண்டாம், முகம்கூடத் தெரிய வேண்டாம். படம் ஆரம்பித்த உடனேயே அவரைக் கொன்றுவிடச் சொல். அந்த அம்மா யூனிபாரத்தோடு வீட்டுக்கு வந்து, அவர் பக்கத்தில் உட்கார்ந்து, இடது கையை மடித்து வைக்கட்டும். அது போதும் எனக்கு. உன் கையால் செத்து எனக்குப் பழக்கம்தான். கல்யாணமே ஆகவில்லை என்று மட்டும் சொல்லவிடாதே.

நீ கேட்டதெல்லாம் கிடைத்து, பேரும் புகழுமாக வீடு வந்து சேர வேண்டும். சமையலறைத் தரையைத் துடைத்து வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
மூச்சு விடாமல் காத்திருக்கும்
உன் வீட்டுக்காரன்