மெட்ராஸ் முத்திரை

முவைலா, ஷார்ஜா
9 மார்ச் 2007, வெள்ளி

அன்பு மகள் அருணாவுக்கு, அம்மா எழுதுகிறேன். நானும் அப்பாவும் சுகம், எடின்பரோ குளிரில் நீயும் சுகமாக இருக்க வேண்டும் என்பதுதான் விளக்கேற்றும்போது என் முதல் வேண்டுதல். அப்பாவுக்கு முட்டிவலி குறைந்திருக்கிறது, ஆனால் ராஸ் அல் கைமா குவாரி வரை தானே வண்டி ஓட்டிப் போவதை விடமாட்டேன் என்கிறார். நீ தமிழை எழுத்துக்கூட்டிப் படிப்பாய், அவசரமில்லை, மெதுவாகப் படி.

புதன்கிழமை போனில் "தீசிஸ்ல அந்தப் பகுதிய எடுத்துரவாம்மா?" என்று கேட்டாய், நான் வாய் திறப்பதற்குள் கார்டு தீர்ந்துவிட்டது. தீராவிட்டாலும் உடனே சொல்லியிருக்க மாட்டேன். அதிலிருந்து அதே யோசனைதான். நூற்றைம்பது வருஷத்துக்கு முன்னால் நீலகிரியில் செடி சேகரித்த உன் வெள்ளைக்காரர் தன் விஞ்ஞானி நண்பருக்கு எழுதிய கடிதத்தின் உறையில் லண்டன் முத்திரை இருக்கிறது, அதனால் அவர் ஊர் திரும்பிய பிறகு நினைவிலிருந்துதான் எழுதினார், அதில் சொல்லும் பூ மலையில் விரிந்ததைப் பார்த்த கையோடு எழுதியதல்ல என்கிறார் உன் பேராசிரியர். கப்பல் தபாலுக்குத் தனி முத்திரை உண்டு, இதில் அது இல்லை என்றும் சொல்கிறார். நீயோ, மலையில் எழுதி ஊருக்குப் போகிற யாரிடமோ கொடுத்தனுப்பியிருப்பார், அந்த ஆள் லண்டன் போய்த் தபாலில் போட்டிருப்பார் என்கிறாய். எடுத்துவிட்டால் ஆய்வேடு சுலபமாக முடியும், வைத்தால் இழுக்கும், அதுவும் புரிகிறது. துறைக் கூட்டத்தில் நீ இதைச் சொன்னபோது ஒருவர் சிரித்தார் என்றாயே, அதுதான் எனக்கு உறுத்துகிறது.

உனக்கு இது எங்கிருந்து தோன்றியது என்று எனக்குத் தெரியும். நாம் இங்கே வருவதற்கு முன், அப்பா குவாரி கேம்ப்பிலிருந்து லீவில் போகிறவர்களிடம்தான் கடிதம் கொடுத்தனுப்புவார், அவர்கள் மெட்ராஸில் இறங்கிப் பெட்டியில் போடுவார்கள். ஆங்கில எழுத்து புதிதாகப் படித்திருந்த நீ ஒருநாள் முத்திரையைக் கூட்டிப் படித்துவிட்டு, "அப்பா மெட்ராஸ்லதான் இருக்காரு, நம்ம வீட்டுக்கு மட்டும் வரமாட்டேங்கிறாரு" என்று அழுது அன்று சாப்பிடவே இல்லை. உள்ளே அவர் எழுதியிருந்த ஊர்ப்பெயரைக் காட்டியும் நம்பவில்லை. முத்திரையை நம்பி அழுத பிள்ளை இன்று அத்தனை பெரிய மனிதர்கள் முன்னால் எழுந்து முத்திரையை நம்பாதீர்கள் என்கிறாள். எனக்கு இருக்கிற பெருமையை எழுதத் தெரியவில்லை. அப்பாவிடம் சொன்னேன், "எம் மவ லெட்டர் பாத்தே வளந்தவ, அவகிட்டயா" என்று சொல்லிவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார்.

ஆனால் அருணா, நம் வீட்டு வழக்கம் உனக்கு யோசனை தரலாம், சாட்சி ஆகாது. பேராசிரியர் கேட்பது நியாயம். நானும் தாவரவியல் படித்தவள்தான், பார்க்காத இதழை வரையாதே என்று எங்களுக்குச் சொல்வார்கள். முதல் லீவில் நீயும் நானும் ஊருக்குப் போனது ஞாபகம் இருக்கிறதா? கேம்ப் ஆட்கள் அத்தனை பேர் கடிதமும் என் கைப்பையில். எழும்பூர் ஸ்டேஷன் பெட்டியில் உன்னைத் தூக்கிப் பிடித்தேன், நீதான் ஒவ்வொன்றாக உள்ளே தள்ளினாய். எல்லாவற்றிலும் ஒரே முத்திரை, ஒரே தேதி விழுந்திருக்கும். ஊருக்குப் போகிறவரிடம் ஒரே ஒரு கடிதமா கொடுப்பார்கள்? அந்த மலையில் அப்போது இருந்த மற்றவர்களின் கடிதங்களையும் தேடு, அதே முத்திரை அதே தேதியில் கிடைத்தால் தைரியமாகச் சொல். கிடைக்காவிட்டால், இப்படியும் இருக்கலாம் என்று மட்டும் எழுது. ஒருவர் சிரித்தார் என்பதற்காக எடுத்துவிடாதே.

பக்கத்து ஃபிளாட் துஷானி, யாழ்ப்பாணத்துப் பிள்ளை, ஞாயிற்றுக்கிழமை லண்டனில் இருக்கும் தன் அக்கா வீட்டுக்குப் போகிறாள். "தாங்கோ அக்கா, இறங்கின உடன போட்டு விடுறன்" என்றாள். ஆகவே இந்த உறையிலும் லண்டன் முத்திரைதான் இருக்கும். கிழியாமல் திறந்து பத்திரமாக வை, அடுத்த கூட்டத்துக்கு எடுத்துப் போ. சாட்சிக்கு அல்ல, அன்று சிரித்தவருக்கு. என் அம்மா வீட்டைவிட்டு எங்கும் போகவில்லை என்று சொல்லிக் காட்டு.

காதை மூடிக்கொண்டு வெளியே போ, இரவில் வெறும் ரொட்டியோடு படுத்துவிடாதே. எடுத்த காரியம் உனக்குக் கைகூடட்டும், நீ நன்றாக இருப்பாய்.

முவைலாவிலேயே இருக்கும்
உன் அம்மா
நாகவள்ளி