வேட்டுக்கு விழாத தனக்கொடி

அனுப்புநர்:
சிங்காரவேலு, கரும்பு சாகுபடிதாரர்,
கீழண்டைக்களம், செலியமேட்டை அடுத்தது.

பெறுநர்:
கனம் பொருந்திய கொம்யூன் தலைவர், மேர் துரை அவர்கள்,
பாகூர் கொம்யூன், பிரெஞ்சிந்தியா.

பொருள்: பர்மாவிலிருந்து வந்த பிள்ளைகளை அடித்துத் துன்புறுத்திப் பாடசாலையைவிட்டு நிறுத்தியது, திரும்பச் சேர்த்துக்கொள்ளக் கோருவது.

மகா மரியாதைக்குரிய ஐயா,

இதில் நான் சொல்லப்போவதைத் தாங்கள் நம்பமாட்டீர்கள். இந்தக் கொம்யூனில் ஒருவரும் நம்பமாட்டார்கள். என் சம்சாரம் விருத்தாம்பாள் முதல் வரியைப் படித்ததுமே எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள். இருந்தாலும் தலைமேல் அடித்துச் சத்தியம் செய்து எழுதுகிறேன்.

1. என் தங்கை கஸ்தூரி ரங்கூனில் வாழ்க்கைப்பட்டவள். அங்கே ஜப்பான்காரன் குண்டு விழுந்தபின் குடும்பத்தோடு மலையும் காடும் தாண்டி நடந்தே வந்தாள். புருஷன் மலையிலேயே செத்துப்போனார். புதைக்க மண்வெட்டிகூட இல்லை. வைகாசியில் தாயும் இரண்டு பிள்ளைகளும் என் வீடு வந்து சேர்ந்தார்கள். பெண் தனக்கொடி, அவள் தம்பி ராமு. இருவரையும் ஊர்ப் பாடசாலையில் சேர்த்தேன்.

2. படார் என்று எது கேட்டாலும் இந்தப் பிள்ளைகள் முகங்குப்புற விழுந்து காதைப் பொத்திக்கொள்ளும். குண்டுக்குத் தப்பக் கற்ற பாடம். தேங்காய் விழுந்தாலும் படுக்கும். நான் தும்மினாலும் படுக்கும். என் தும்மலுக்குக் கடலூர்க் கோட்டையே ஆடும் என்பது தாங்கள் அறிந்ததே. ஊர்ப் பையன்கள் இதைக் கண்டுகொண்டார்கள். தகரத்தைத் தட்டுவது, விழுந்ததும் முதுகில் ஏறி மிதிப்பது. "இன்னாடா, இடி இடிச்சாலும் பர்மாவுல மண்ணுதான் துன்னுவீங்களா?" என்று கேட்டு மிதித்ததில் ராமுவின் முன்பற்கள் உடைந்து வாயெல்லாம் ரத்தம். விஷபேதியைச் சுமந்துவந்த கூட்டம் என்று பெரியவர்களும் கல்லெறிந்ததில் கஸ்தூரியின் மண்டை பிளந்தது. அரங்கநாதன் வாத்தியாரிடம் முறையிட்டேன். இனி விழுகிற பிள்ளைக்கு வகுப்பில் இடமில்லை என்று அவர் தீர்ப்பளித்தார்.

3. தீமிதித் திருவிழாவுக்கு வேட்டுப் போடுகிறவர் குழந்தைவேல் என்னும் பெரிய நிலக்காரர். பர்மாப் பயத்தைத் தெளிய வைக்கிறேன் என்று சொல்லி, அவர் இரும்பு வேட்டுக்குழாயில் இரட்டை மருந்து கெட்டித்து, பாடசாலை ஜன்னலுக்கு வெளியே வைத்துக் கொளுத்தினார். கூரை பறந்து பிரிட்டிஷ் எல்லைக்குள் இறங்கியது. சுங்கக்காரர்கள் அதற்குத் தீர்வை கேட்கிறார்கள். நல்லவாட்டுக் கடற்கரையில் மீன்கள் தாமாகவே கரையேறி வலைக்குள் ஒளிந்தன. வகுப்பு முழுவதும் தரையில் விழுந்தது. வாத்தியார் மேசைக்கடியில் விழுந்தார்.

தனக்கொடி மட்டும் நின்றாள். விழுந்தால் இடமில்லை என்று சொல்லியிருந்தார்கள் அல்லவா, ஜன்னல் கம்பியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு நின்றாள். இடது காதிலிருந்து வழிந்த ரத்தத்தில் சட்டை முழுக்க நனைந்தது.

4. நியாயம் கேட்கப் போன என்னை ஆயிரம் பேர் கரும்பால் அடித்தார்கள். ஒரு ஆலைக்கு வேண்டிய சாறு என் முதுகில் வழிந்தது. ஆகவே மறுநாள் காலை, குழந்தைவேல் வாசலில் பல் துலக்கிக்கொண்டிருந்த நேரம் பார்த்து, அதே குழாயில் மருந்து கெட்டித்து அவருக்குப் பின்னால் வைத்துக் கொளுத்தினேன். அவர் எருக்குழியில் முகங்குப்புற விழுந்து இரண்டு காதையும் பொத்திக்கொண்டார்.

இதைத் தனக்கொடியிடம் இரண்டு தடவை கத்திச் சொல்லவேண்டியிருந்தது. "அவரும் வுழுந்தாரா மாமா? அப்போ அவருக்கும் பள்ளிக்கூடத்துல எடம் கெடையாதா?" என்று கேட்டாள். இதற்குப் பதிலைத் தாங்கள் சொல்லவேண்டும்.

5. கலகத்துக்குக் காரணம் என்று இப்போது இரண்டு பிள்ளைகளையும் நிறுத்திவிட்டார்கள். விழுந்தவனுக்கும் இடமில்லை, நின்றவளுக்கும் இடமில்லை. நான் கொலை செய்யப் பார்த்ததாகக் குழந்தைவேல் புகார் கொடுத்திருக்கிறார். கொளுத்தியது நான்தான், தண்டனையை ஏற்கிறேன். மிதித்தவர்களையும் கல்லெறிந்தவர்களையும் பாடசாலையில் வேட்டு வைத்தவரையும் விசாரித்து, பிள்ளைகளை வகுப்பில் உட்காரவைக்க உத்தரவிடும்படி வேண்டுகிறேன்.

கூரை இருந்த இடத்திலேயே இருக்கிறது, ஐயா. மீன்கள் கடலில்தான் உள்ளன. ஆயிரம் பேரையும் ஒன்பது பேராகக் குறைத்துக்கொள்ளலாம். என் பேச்சில் எவ்வளவு வேண்டுமானாலும் கழித்துக்கொள்ளுங்கள்; அந்தக் காதை மட்டும் கழிக்கவேண்டாம். அது உண்மை. தனக்கொடிக்கு இடது காது கேட்கவில்லை. உட்காரவைக்கும்போது, வலது காது வாத்தியார் பக்கம் இருக்கட்டும்.

இடம்: கீழண்டைக்களம்
சித்திரபானு வருஷம், ஆவணி 12

இப்படிக்கு,
பிள்ளைகளின் தாய்மாமன்,
சிங்காரவேலு