சம்மதம் கேட்டார்கள்

அன்புத் தங்கைக்கு,

அக்கா எழுதுவது. நான் நலம். நீயும் மாப்பிள்ளையும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உன் முதுகுவலி எப்படி இருக்கிறது? ஊர் ஊராகப் போய் ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுக்கிறவள், நாற்காலிகளையும் நீயே தூக்கிப் போடாதே.

பள்ளி விழா அழைப்பிதழில் வந்த புகைப்படத்தைப் பார்த்து அழுதுவிட்டதாகவும், அதைப் பெரிதாக்கி உன் பயிற்சி அறையில் மாட்டியிருப்பதாகவும் எழுதியிருந்தாய். ‘நம்ம குட்டிக்கு எவ்வளவு பெரிய மனசு அக்கா’ என்றும் எழுதியிருந்தாய். அதற்குத்தான் இந்தப் பதில். போனில் சொன்னால் நடுவில் நீ அழுவாய், நான் பேச்சை மாற்றிவிடுவேன். குட்டிக்கும் கேட்டுவிடும்.

முதலில் நியாயத்தைச் சொல்லிவிடுகிறேன். நீ எங்கள் பள்ளி ஆசிரியர்களுக்குக் கொடுத்த பயிற்சி வீண்போகவில்லை. பிள்ளைகளை வெளியே முட்டி போடவைப்பது நின்றது. பிரச்சினை என்றால் எல்லோரும் வட்டமாக உட்காருவது, துணிப்பந்து யார் கையில் இருக்கிறதோ அவர் மட்டும் பேசுவது என்று நீ காட்டியபடியே செய்தோம். வருடம் பூராவும் வாய் திறக்காத ஒருத்தி, பந்தைக் கையில் வாங்கியதும் மடை திறந்த மாதிரி பேசினாள். வட்டம் நடத்துவதில் நான்தான் கெட்டிக்காரி என்று பெயர் வந்தது. அந்தப் பெயர்தான் வினையாகிவிட்டது.

குட்டிக்கும் மூன்று தோழிகளுக்கும் ஏதோ மனஸ்தாபம் என்று உன்னிடம் சொல்லியிருந்தேன். மனஸ்தாபம் இல்லை. மூன்று பேரும் சேர்ந்து அவளை விளையாட்டுச் சாமான் அறையில் வைத்துப் பூட்டினார்கள். சாப்பாட்டு மணியிலிருந்து கடைசி மணிவரை. நான் அதே கட்டடத்தில், மாடியில் பாடம் எடுத்துக்கொண்டிருந்தேன். அவர்களே கதவைத் திறந்தபோது அவள் பாவாடை நனைந்திருந்தது. அவர்கள் முதல் காரியமாக அதைப் படம் எடுத்தார்கள். சாயங்காலத்துக்குள் வகுப்பே பார்த்துவிட்டது.

மூவரில் ஒருத்தி நிர்வாகத் தலைவரின் பேத்தி. கொஞ்ச நாள் முன்னால்தான், பள்ளிப் பேருந்து ஓட்டுநரின் மகள் வகுப்புக்குப் போன் கொண்டுவந்தாள் என்று அவளை வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். அவளுக்கு வட்டமும் இல்லை, பந்தும் இல்லை. இவர்கள் விஷயம் என்றதும் தலைமையாசிரியைக்கு உன் பயிற்சி ஞாபகம் வந்தது. ‘நாம தண்டிக்கிற பள்ளிக்கூடம் இல்ல டீச்சர், உறவைச் சரிபண்ற பள்ளிக்கூடம்’ என்றார். நீ சொன்ன வாக்கியம்தான்.

வட்டத்தை நான் நடத்த வேண்டும் என்றார். நான் அவளுடைய அம்மா என்றேன். ‘இங்க நீங்க டீச்சர். வீட்டுல போய் அம்மாவா இருங்க’ என்றார். நான் மறுத்தால் விளையாட்டு வாத்தியார் நடத்துவாராம். ‘இதுக்குப் போயா இந்தப் பொண்ணு மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கு’ என்று ஆசிரியர் அறையில் சிரித்தவர் அவர். அவரிடம் விடுவதைவிட என் கையில் இருக்கட்டும் என்று நினைத்தேன்.

பாதிக்கப்பட்ட பிள்ளை சம்மதிக்காமல் வட்டம் கூடாது என்று நீ சொல்லியிருந்தாய். அதையும் அவர்கள் விடவில்லை. குட்டியை அலுவலகத்துக்குக் கூப்பிட்டு, உட்காரவைத்து, குடிக்கத் தண்ணீர் கொடுத்து, சம்மதமா என்று கேட்டார்கள். அவள் என்னைப் பார்த்தாள். நான் தலையசைத்தேன். அவளும் அசைத்தாள்.

நூலகத்தில் வட்டம் போட்டோம். எங்கள் முதுகுக்குப் பின்னால் கல்வித் துறை விருந்தினர்கள் டீ குடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் வருவதாக யாரும் எனக்குச் சொல்லவில்லை. மூன்று பெண்களும் அழகாக மன்னிப்புக் கேட்டார்கள். பேத்திக்குக் கண்ணீரும் வந்தது. ஒரு விருந்தினர் மூக்கை உறிஞ்சினார். பந்து குட்டியிடம் வந்தது. நீ கொடுத்த கேள்வி அட்டையில் இருந்தபடி கேட்டேன், அப்போது உனக்கு எப்படி இருந்தது என்று.

‘பரவாயில்ல டீச்சர்’ என்றாள்.

இதைச் சரிசெய்ய உனக்கு என்ன வேண்டும் என்று கேட்டேன்.

‘ஒண்ணும் வேணாம் டீச்சர். நான் கிளாசுக்குப் போகலாமா?’

அதற்குள் பேத்தி எழுந்து வந்து அவளைக் கட்டிக்கொண்டாள். எல்லோரும் கைதட்டினார்கள். நீ மாட்டியிருப்பது அப்போது எடுத்த படம்.

கட்டிக்கொண்டபோது அந்தப் பெண் காதில் என்ன சொன்னாள் என்று அன்று வீட்டில் சாப்பிடும்போது குட்டி சொன்னாள். ‘அந்தப் படத்த இன்னும் வச்சிருக்கேன்னு சொன்னா டீச்சர்.’ இது வீடு, நான் அம்மா என்றேன். ‘சரிங்க டீச்சர்’ என்றாள். விளையாடுகிறாள் என்று நினைத்தேன். இன்றுவரை அப்படித்தான் கூப்பிடுகிறாள். வா, போ என்று என்னைப் பேசிய பிள்ளை வாங்க, போங்க என்கிறாள். கோபம் துளியும் இல்லை. கோபப்பட்டால் தேவலை.

தலைமையாசிரியையிடம் போய்ச் சொன்னேன். ‘அப்படியா? இன்னொரு வட்டம் வச்சிரலாமே’ என்றார். காவல் நிலையத்துக்குப் போனேன். பள்ளியிலிருந்து ஆள் வந்து, பிள்ளைகள் ராசியாகிவிட்டார்கள் என்று கட்டிப்பிடித்த புகைப்படத்தை எடுத்து நீட்டினார். இன்ஸ்பெக்டர் அதை என் பக்கம் திருப்பி வைத்து, ‘நீங்களே முன்னாடி நின்னு சமாதானம் பண்ணி வச்சிருக்கீங்க, இப்ப என்னம்மா?’ என்று கேட்டார். படத்தின் ஓரத்தில் நான் இருக்கிறேன், கையில் அட்டையோடு. நீ கவனித்திருக்க மாட்டாய்.

வேலையை விட்டுவிட்டேன். குட்டியையும் அங்கிருந்து நிறுத்திவிட்டேன். வேறு பள்ளியில் கேட்டிருக்கிறேன், அவள் இன்னும் சரி என்று சொல்லவில்லை. குளியலறைத் தாழ்ப்பாளைக் கழற்றச் சொன்னாள், கழற்றிவிட்டேன். அவள் குளித்துவிட்டு வரும்வரை கதவுக்கு வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பேன். நடுநடுவே ‘இருக்கீங்களா டீச்சர்?’ என்று கேட்பாள். கேட்கிறாளே, அந்த மட்டில் எனக்கு நிம்மதி.

விழாவில் மாதிரிப் பள்ளிப் பலகையை நீதான் திறந்துவைக்கிறாய் என்று அழைப்பிதழில் போட்டிருக்கிறது. வராதே என்று நான் சொல்ல மாட்டேன். மேடையில் என்ன பேசுவது என்பது உன் பாடு. அதற்கு முன்னால் வீட்டுக்கு வந்துவிட்டுப் போ, அவளுக்குச் சித்தியாக மட்டும். எப்படி இருக்கே என்று கேட்காதே. என்ன வேணும் என்று கேட்காதே. எந்தக் கேள்வியும் கேட்காதே. அவள் குளிக்கப் போகும்போது என் நாற்காலியில் ஒரு தடவை நீ உட்கார்ந்திரு. உள்ளேயிருந்து குரல் வந்தால், இருக்கேன் என்று மட்டும் சொல்.

உடம்பைப் பார்த்துக்கொள். நீ நன்றாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உன் அக்கா