மூன்று பூட்டுகள்

வெள்ளவத்தை
12.05.2024

அன்பின் சிவமணி,

போனில் கதைத்தால் கத்துகிறோம், ஆகவே கடிதம் எழுதுங்கள் என்கிறார் நம் ஆலோசகர் நிம்றா மிஸ். நான் படிப்பித்த பிள்ளைகளின் வயது அவருக்கு. எனக்குக் குடும்பம் நடத்தச் சொல்லித் தருகிறார். சரி.

கதவின் மூன்று ஆமைப்பூட்டுகளில் ஒன்றைக் கழற்றிவிட்டேன். மகள் ஹம்சிகாவிடம் சொல். பிள்ளைக்கு இழுப்பு வந்த அன்று, ஆஸ்பத்திரிக்குப் போக விடாமல் பூட்டுகளின் திறப்பைக் கைக்குள் பொத்திப் பிடித்துக்கொண்டு நின்றவன் நான். நீ பறித்துத் திறந்தாய். என்னை விட்டுப் போனதில் குறை சொல்லவில்லை. ஆனால் உன் அண்ணன் வீட்டுக்கா போக வேண்டும்? இரண்டாயிரத்து எட்டில் என்னை ஆட்கள் வந்து கொண்டுபோனபோது, பதினொரு நாளும் பொலிஸ் வாசலை மிதிக்காத மனுசன்.

வினோதன்

கொட்டாஞ்சேனை
16.05.2024

அன்பின் ஹம்சிகாவின் அப்பாவுக்கு,

நேரத்துக்குச் சாப்பிடுகிறீர்களா? பிரஷர் குளிசை முடிந்திருக்கும், வாங்குங்கள். உங்கள் கடிதத்தை வாசித்துவிட்டு, "அப்ப இன்னும் ரெண்டு கிடக்கு" என்று மகள் சிரித்தாள். மூன்று மாதத்தில் முதல் சிரிப்பு.

26ஆம் திகதி ஞாயிறு, நாலு மணிக்குப் பெட்டியோடு வருகிறோம். நீங்களே திறந்தால் போதும். தட்டினால் நீங்கள் பயப்படுவீர்களாம், உங்கள் பெயரைச் சொல்லிக் கூப்பிடச் சொன்னார் மிஸ். இருபது வருசத்தில் ஒரு நாளும் சொல்லாத பெயர். வெட்கமாகத்தான் இருக்கிறது. கூப்பிடுவேன்.

நான் மறைத்ததைச் சொல்லாமல் உங்களிடம் திரும்பிப் போக வேண்டாம் என்றும் சொன்னார். அண்ணா அன்று பொலிசுக்குப் புறப்பட்டவர்தான். "உங்களையும் பிடிச்சா நான் ஆரிட்டப் போறது?" என்று கையைப் பிடித்து நிறுத்தியது நான். பதினாறு வருசம் நீங்கள் ஏச, அவர் பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தார். இனி என்னை ஏசுங்கள்.

சிவமணி

கொட்டாஞ்சேனை
26.05.2024

அன்பின் ஹம்சிகாவின் அப்பாவுக்கு,

மூன்று தரம் கூப்பிட்டேன். உள்ளே திறப்புச் சத்தம் கேட்டது. "அப்பா, நான்தான்" என்றாள் பிள்ளை. சத்தம் நின்றுவிட்டது. அரை மணி நேரம் படியில் இருந்துவிட்டு வந்தோம்.

ஆட்டோவில் அவள் கேட்டாள், "அப்பாக்குப் பயமா, உங்களில கோபமா?" அதை மட்டும் எழுதுங்கள். பயம் என்றால் திரும்பவும் வருவோம். கோபம் என்றால் பிள்ளையை இன்னொரு தரம் அந்தப் படியில் இருத்த மாட்டேன்.

சிவமணி

வெள்ளவத்தை
28.05.2024

அன்பின் சிவமணி,

ஒரு பூட்டுத்தான் மிச்சம் இருந்தது. தேத்தண்ணிக்குக் கேத்தலும் வைத்திருந்தேன்.

நீ கூப்பிட்டாய். என்னைக் கொண்டுபோன அன்று அவர்களும் தட்டவில்லை. "வினோதன்" என்று நல்ல தமிழில் மரியாதையாகத்தான் கூப்பிட்டார்கள். நானே எழுந்துபோய்த் திறந்தேன். நீ கோயிலுக்குப் போயிருந்தாய். இதை உன்னிடமும் சொல்லவில்லை, மிஸ்ஸிடமும் சொல்லவில்லை.

அது மட்டும் என்றால் பயம் என்று எழுதிவிடுவேன். திறப்பைப் பூட்டுக்குள் போட்டுவிட்டேன், திருப்பியும் இருப்பேன். அண்ணனை மறித்த உன் கை நினைவுக்கு வந்தது. இவளும் கொஞ்சம் வெளியே நிற்கட்டும் என்று நினைத்தேன். பிறகு பிள்ளை கூப்பிட்டாள். அப்போது திருப்பப் பார்த்தேன், கை வரவில்லை.

பயம் என்று ஒரு வரியில் எழுதி இரண்டு கடிதம் கிழித்தேன். எழுதினால் வருவீர்கள். வந்து கூப்பிடுவீர்கள். திறப்பேனா என்று எனக்குத் தெரியாது.

கேத்தல் கருகிவிட்டது. குளிசை வாங்கவில்லை. வாங்குவதற்குக் கதவைத் திறக்க வேண்டும்; இந்தக் கடிதத்தையே கதவுக்குக் கீழால்தான் தபால்காரரிடம் தள்ளப்போகிறேன். கழற்றிய இரண்டு பூட்டுகளையும் நேற்றுத் திரும்பப் போட்டுவிட்டேன்.

ஹம்சிகாவுக்கு என்ன சொல்வதென்று நீயே பார்.

வினோதன்