ஸ்கோர் போர்டு இருந்த பக்கம்

அக்காவுக்கு,

நீ மேல மாமாகிட்ட இருக்கே. நான் கீழ ஆஸ்பத்திரி வராண்டாவுல, டீம் லிஸ்ட்டுக்குப் பின்பக்கம் இதை எழுதுறேன். ரெண்டு தடவை படியேறி வந்து, கதவைத் தொட்டுட்டு இறங்கிட்டேன். முள்ளு மேல நிக்கிற மாதிரி இருக்கு.

"முதல் அடியிலேயே வெளிய உக்கார வெச்சிருந்தா மூளையில இவ்வளவு ரத்தம் கட்டியிருக்காது"ன்னு டாக்டர் சொன்னதும், "என் தம்பிதான் டீம் பிசியோ, அவன் பாத்துட்டுத்தான் ஆட விட்டான்"னு அவர்கிட்டயே சண்டைக்குப் போனே. அதுதான் என்னை உக்கார விடல.

பாத்தேன், உண்மைதான். பந்தை முட்டப் போய் தலையோட தலை மோதி விழுந்தார். ஓடிப்போய், அடிபட்டதுல நினைவு தெளிவா இருக்கான்னு பாக்க, "ஸ்கோர் என்ன மாமா?"ன்னேன். சொல்லத் தெரியாம முழிச்சார். "ஃபைனல்டா மச்சான், என்னை வெளிய அனுப்பிடாதே"ன்னார். மறுபடி கேட்டேன். "ஒண்ணுக்கு ஒண்ணு"ன்னு சரியாச் சொன்னார். ரெஃப்ரிக்குக் கட்டைவிரலைக் காட்டினேன். பத்து நிமிஷத்துல திரும்பவும் பந்தைத் தலையால முட்டினார். அதுக்கப்புறம் எந்திரிக்கல.

மறுபடி கேக்குறதுக்கு முன்னாடி, தோளைப் பிடிச்சு அவரைத் திருப்பி உக்கார வெச்சேன் அக்கா. ஸ்கோர் போர்டு அவர் கண்ணுக்கு நேரா வர்ற மாதிரி.

கீழதான் நிக்கிறேன்,
உன் தம்பி